வெள்ளிக்கிழமை டிக்கெட்

என் மகள் ஹிதாயா எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டு நோட்டின் மேலேயே போனை வைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். அவள் கூடத்துத் தரையில் கவிழ்ந்து படுத்து, ஏதோ உப்பின் பெயரை எழுதி அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் எட்டு டிக்கெட் தெரிந்தது. மதுரைப் பக்கம் இருக்கிற பெரிய தீம் பார்க்.

"என்னத்தா இது?"

"படிச்சுப் பாரு."

படித்தாள். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரத்துக்கு அவள் கண் ஆறு வயதுப் பிள்ளையின் கண் மாதிரி ஆனது. அதைப் பார்க்கத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் செய்திருந்தேன். பிறகு அவள் விரல் தேதியின் மேல் நின்றது.

"வெள்ளிக்கிழமையாத்தா?"

"ஆமா. ஆஃபர்ல போட்டுருந்தான். ஆளுக்கு ஐநூறு ரூவா கம்மி."

"அன்னைக்கு எனக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். பத்தரைக்கு. பப்ளிக் எக்ஸாம்த்தா, மாத்த மாட்டாங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவி பவுசியா கரண்டியோடு வெளியே வந்தாள். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இருக்குங்கிறது கூடவா ஒங்களுக்குத் தெரியாது?"

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு அது தோன்றவே இல்லை. குவைத்தில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் இருக்கிற விளையாட்டுப் பார்க்கில் எனக்குப் பதினாலு வருஷமாக வேலை. ஆள்களை உட்காரவைத்து, நெஞ்சுக் கம்பியை இறக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் அத்தாமார்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை என்றாலே பிள்ளைகள் அத்தாவோடு விளையாட வருகிற நாள் என்றுதான் என் மண்டையில் பதிந்திருந்தது. அந்த நாளுக்குப் போய் விலையைக் குறைத்திருக்கிறானே, கிறுக்கன் என்று நினைத்து அவசர அவசரமாகப் பணம் கட்டினேன். தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்ப வராது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எனக்குச் சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் பிளைட்.

அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, நான் வேலை பார்க்கிற விளையாட்டை வீடியோ எடுத்து அனுப்பினேன். நாற்காலி வரிசை ஒன்று கம்பத்தில் மேலே ஏறி, ஒரு நொடி நின்று, பொத்தென்று கீழே விழும். "நான் எப்பத்தா ஏறலாம்?" என்று கேட்டாள். நூற்றிருபது சென்டிமீட்டர் ஆக வேண்டும் என்று சொன்னேன், எங்கள் பார்க்கின் சட்டம் அது. அதிலிருந்து மாதம் ஒரு தடவை போனில் அளவெடுப்பு நடக்கும். பவுசியா டைலர் டேப்போடு அவளைச் சுவரோரம் நிறுத்துவாள். "நூத்தி ஒம்போது", "நூத்திப் பதினொன்னு" என்று சத்தமாகச் சொல்வாள். பிள்ளை குதிகாலைத் தூக்குவது சின்னத் திரையிலும் எனக்குத் தெரிந்துவிடும். "கால எறக்கும்மா" என்பேன். நாள் முழுக்க ஊர்ப்பட்ட பிள்ளைகளிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். அறையில் கூட இருக்கிறவர்கள், பெண்ணைப் போலீஸ் வேலைக்கா அனுப்பப் போகிறாய் என்று கிண்டல் செய்வார்கள். நூற்றிருபதைத் தொட்ட ராத்திரி அவள் தெருவில் இறங்கிக் கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்களாம்.

அந்த வருஷம் லீவில் வந்தேன். அப்போது இங்கே டிக்கெட் ஐநூற்றைம்பது. மூன்று பேரும் பஸ்ஸில் போய், வெளியே பரோட்டா தின்றுவிட்டு, மூவாயிரத்துக்குள் திரும்பியிருக்கலாம். அடுப்படி ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். அவளைத் தர்கா கந்தூரித் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் இருபது ரூபாய் ராட்டினத்தில் ஏற்றினேன். ராட்டினக்காரரிடம், "ஒயரம் அளக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். "குந்த எடம் இருக்குல்ல, ஏறு பாப்பா" என்றார் அவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அந்த மாமா அளக்கவே இல்லை, அது தப்புத்தானே என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த லீவில் அக்கா வீட்டு மச்சானுக்கு ஆபரேஷன். அதற்கடுத்த லீவு கொரோனாவில் போனது. ஒவ்வொரு தடவையும் விலையைப் பார்ப்பேன். எண்ணூறு, ஆயிரத்து நூறு, இப்போது ஆயிரத்தெண்ணூறு. பார்க்கின் விலை அவளோடு சேர்ந்து வளர்ந்தது. அவள் நூற்று அறுபதில் நின்றுவிட்டாள், அது நிற்கவில்லை. என் சம்பளம் பதினாலு வருஷத்தில் இருபத்தைந்து தினார் கூடியிருக்கிறது.

மூன்று பேர் என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். ஆனால் வெளிநாட்டுச் சபுரிலிருந்து வந்தவன் கூடப்பிறந்தவளை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு மட்டும் வேனில் ஏறினால் எங்கள் தெருவில் அது பத்து வருஷத்துக்குப் பேச்சு. அக்கா ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம். அதனால்தான் எட்டு டிக்கெட்: நாங்கள் மூன்று பேர், சம்சுன் நிஹார் அக்கா, மச்சான், அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர். வேன் வாடகை, தண்ணீரில் இறங்கப் போட்டுக்கொள்ளும் நைலான் உடுப்பு எல்லாம் சேர்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி.

சாயங்காலம் அக்கா வந்தாள். பின்னாலேயே மச்சான் முகமது அஸ்வரும் பிள்ளைகளும். விஷயம் தெரு தாண்டிப் போயிருந்தது.

"புள்ள வரலன்னா எதுக்குத் தம்பி? விட்டுத்தள்ளு. துட்டு போனாப் போவுது" என்றாள் அக்கா. அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று முகங்களும் தொங்கிப்போயின.

"லீவு லெட்டரெல்லாம் எழுதியாச்சும்மா" என்றான் பெரியவன்.

மச்சான் வாங்கிப் பார்த்தார். "மூணு பேருக்கும் காச்சலா? ஒரே பள்ளிக்கூடம்டா, ஒருத்தனாவது வயித்துவலின்னு எழுதுங்கடா. ஏன் மாப்ள, ஜும்மாவ விட்டுட்டுச் சறுக்குறதுக்குப் போறோம்னு பள்ளிவாசல் அசரத்துட்ட யாரு சொல்றது?"

"பயணம் போறவங்களுக்கு ஜும்மா கடமையில்ல. ஊருக்குள்ள இருக்கும்போது மட்டும் நீங்க மொத வரிசையில நிக்கிறீங்களாக்கும்" என்றாள் அக்கா.

ஹிதாயா சிரித்தாள். நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கத்தா. புக் பண்ணவங்க ஆதாரோட நேர்ல வரணும்னு போட்டுருக்கு, நீங்க இல்லாம இவனுங்களயும் விடமாட்டாங்க. அம்மா என்கூட இருக்கட்டும். எனக்கு ஆறாவது ஏழாவது படிக்கையில ரொம்ப ஆசையா இருந்துச்சு. இப்ப அவ்வளவா இல்ல."

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பவுசியாவிடம் கேட்டேன், ஹிதாயாவுக்கு நிஜமாகவே ஆசை இல்லையா என்று. "இருந்தா மட்டும் ஒங்கள்ட்ட சொல்லவா போறா?" என்றாள். பிறகு, "இல்லாமலும் இருக்கும்" என்றாள். சனிக்கிழமைக்குப் புதிதாக மூன்று டிக்கெட் போட்டால் என்ன என்று யோசித்தேன். விமானம் ஏற சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருச்சியில் இருக்க வேண்டும். அது முடியாது என்று தெரிந்தும், எல்லோரும் படுத்த பிறகு சனிக்கிழமை விலையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை வேன் வந்தபோது ஹிதாயா குளித்து முடித்து ஈரத்தலையோடு படித்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை வந்தாள். "பியூரெட்ல சொட்டுச் சொட்டா விடணும்த்தா. ஒரு சொட்டு கூடிட்டா கலர் ஏறிடும், மொதல்லேர்ந்து செய்யணும். துவா செய்ங்க" என்றாள். தலையில் கை வைத்தேன். என் தோளுக்கு மேல் இருந்தாள்.

வேன் ஓட்டியவர் பிச்சை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பல தடவை இதே பார்க்குக்கு வந்தவராம். பிள்ளைகள் ஒவ்வொரு ஊருக்கும், "வந்துருச்சா அங்கிள்?" என்று கேட்டார்கள். "வந்துருந்தா நாஞ்சும்மா இருப்பனா? நீங்கதான் இருப்பீங்களா?" என்றார்.

கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அக்கா கொண்டுவந்த தக்காளிச் சோற்றையும் அவித்த முட்டையையும் பார்த்துவிட்டு, வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னது. உள்ளே ஒரு தட்டு எவ்வளவு என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் சொன்னதும் பையை மூடிக்கொண்டாள். பத்து மணி வெயிலில் வேப்பமரத்தடிக்கு வந்தோம். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. புளியோதரை, சப்பாத்தி, தயிர்சோறு. பசிக்காமலேயே எல்லாரும் வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து கூச்சல் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகளின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"இவ்வளவு குடுத்துட்டு வாசல்லயே டூர முடிச்சிருவோம் போலருக்கே மாப்ள" என்றார் மச்சான். பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் தயிர்சோறு புரையேறச் சிரித்தார்.

மறுபடி கேட்டுக்குப் போனபோது அந்தப் பெண் போனைப் பார்த்துவிட்டு, "எட்டு இருக்கே சார், ஆறு பேர்தானே நிக்கிறீங்க? மீதிப் பேர் வர்றாங்களா?" என்று கேட்டது. வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னவோ தோன்றி, கொஞ்சம் பொறும்மா என்று சொல்லிவிட்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பிச்சை ஸீட்டைச் சாய்த்து முகத்தில் துண்டைப் போட்டிருந்தார்.

"உள்ள வாறீங்களாண்ணே? டிக்கெட் இருக்கு."

துண்டை எடுத்தார். "யாரு டிக்கெட்டு?"

"எம்மவ டிக்கெட்டு."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "வண்டிய யாரு பாக்குறது?" என்றார். பிறகு பின்னால் தொங்கிய சட்டையை எடுத்து பனியன் மேல் மாட்டினார். "பதினெட்டு வருசமாச்சு பாய். இந்த ஆர்ச்சோட சரி. உள்ள கத்துற சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வரும்" என்றார்.

அக்கா குடும்பம் தண்ணீர்ப் பக்கம் போனது. நான் பிச்சையோடு நேராக, எங்கள் பார்க்கில் இருக்கிற மாதிரியே நாற்காலிகள் ஏறி விழுகிற கம்பத்தடிக்குப் போனேன். குவைத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு உயரம். பிச்சை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுலயா?" என்றார். "ஒங்களுக்குப் பயமா இருந்தா வேணாம்" என்றேன். "பயந்தான். அதுக்குன்னு?" என்று வந்து வரிசையில் நின்றார். உட்கார்ந்ததும் என் கை தானாக நீண்டு அவருடைய கம்பியை இறக்கி இரண்டு தடவை இழுத்தது. அந்தப் பக்கம் இருந்த ஆளுடையதையும் இழுத்தேன். நீலச் சட்டை போட்ட ஊழியர் ஓடிவந்தார். "சார், கைய எடுங்க. அது எங்க வேல" என்றார். மன்னிக்கச் சொன்னேன். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கம்பியை மட்டும் பார்த்து இழுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்.

ஏற ஆரம்பித்தது. பதினாலு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கீழேயிருந்து பார்த்தால் நேராகப் போவது போலத் தெரியும், ஆனால் நாற்காலியில் மெல்லிதாக ஒரு அதிர்வு இருக்கிறது. போன் லாக்கரில் இருந்தது. பத்தரை தாண்டியிருக்கும். கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, திருகை மெதுவாகத் திறந்துகொண்டிருப்பாள். சொட்டு. சொட்டு. பிள்ளைகளின் சத்தம் கீழே கீழே போய் ஒரு இரைச்சலாகிக் கடைசியில் காற்று மட்டும் மிஞ்சியது. உச்சியில் நாற்காலி நின்றது. ஒரு நொடி என்று பதினாலு வருஷமாக நினைத்திருந்தேன். அது ஒரு நொடி இல்லை.

பிச்சை கண்ணை மூடவில்லை. வெயிலில் மின்னுகிற வண்டிகளுக்கு நடுவே எதையோ தேடிக் கண்டுபிடித்துவிட்டார். "அந்தா நம்ம வண்டி, பாய்" என்றார். "நான் அதுக்குள்ள படுத்துருக்க மாதிரியே இருக்கு."

கீழே எங்கோ ஒரு கொக்கி விடுபடுகிற சத்தம் வந்தது. விழுவதற்கு முந்தின அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கம்பி பூட்டியிருக்கும்போது ஒரு மனுஷன் கைக்கு அங்கே வேலையில்லை என்பதும் தெரியும். ஆனாலும் என் இடது கை தன்பாட்டுக்குப் போய் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நின்றது. பிச்சை குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன தன் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.