நெற்றிக் காசு

பத்தொன்பது வருஷமாகப் பேசாத தங்கை செல்லம் சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் செத்துப்போனாள் என்று வெள்ளிக்கிழமை காலையில் சேதி வந்ததும், வள்ளிநாயகி முதலில் எடுத்தது அரிசி டின்னுக்குள் முடிந்து வைத்திருந்த ராணி காசைத்தான்.

பாட்டன் கப்பலேறியபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்த, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் அது. குடும்பத்தில் யார் கண்ணை மூடினாலும் நெற்றியில் அதைத்தான் ஒட்டுவார்கள். பிணத்தை எடுக்கும்போது கழற்றிக் கழுவி, அடுத்த சாவுக்கு வைத்துக்கொள்வார்கள். அம்மா செத்தபோது கழுவக் கொண்டுபோனவள் செல்லம். கன்னங்கரேலென்று போன காசு பளபளவென்று திரும்பி வந்தது. ராணியின் மூக்கும் மழுங்கியிருந்தது.

"மாத்திட்டா! அசல வித்துட்டு டூப்ளிகேட்ட குடுத்துட்டா!" என்று கருமாதிப் பந்தலிலேயே கத்தினாள் வள்ளிநாயகி.

"புளி போட்டு வெளக்குனேன்க்கா. தீட்டுக் காசாச்சேன்னு நல்லா தேச்சேன்" என்று செல்லம் அழுதது காதில் ஏறவில்லை. வள்ளிநாயகி பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்போது செல்லத்தின் மகள் திலகா போனில் கேட்டதும் அந்தக் காசைத்தான். "பெரியம்மா, அம்மா நெத்தியில அதத்தான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு மணிக்கு எடுத்துருவோம்."

லிங்கித் தோட்டத்திலிருந்து மகள் மாதவி காரை ஓட்டினாள். சிரம்பான் நெருங்கியதும், "பழைய காசு பாக்குற கடைக்கு விடு" என்றாள் வள்ளிநாயகி.

"சாவு வீட்டுக்குப் போற வழியிலயா? என்னம்மா இது!"

"பொய்க் காச வச்சு அனுப்புறதா? அசலான்னு தெரியட்டும், அப்புறம் வரேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. காசு பொய்யென்றால் நிம்மதி. மெய்யென்றால் பத்தொன்பது வருஷத்துக்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் ஹாஜா மைதீன் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்.

"டைம் ஆச்சுலா, போயிரலாம்மா. காச அப்புறம் பாத்துக்கலாம்" என்று மாதவி கெஞ்சினாள்.

"அஞ்சு நிமிஷம் இரு."

அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தின்றது. ஹாஜா மைதீன் வந்து, தொப்பியைக் கழற்றாமலே லென்ஸ் வைத்துப் பார்த்தார். நிறுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அசல்தாம்மா. எழுத்து இடுக்குல பழைய கறுப்பு இன்னும் இருக்கு பாருங்க. ஆனா புளி போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டாங்களே. இனி வெள்ளி எடைக்குத்தான் போவும். யாரு தேச்சது?"

"என் தங்கச்சி" என்றாள் வள்ளிநாயகி. அந்தச் சொல்லை அவள் வாய் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று!

ரஹாங்கில் பந்தல் மட்டும் நின்றது. பிணத்தை ஏற்றிய வேன் போய்விட்டது. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை.

தலை முழுகிய ஈரத்தோடு திலகா வெளியே வந்தாள். "எடுக்குற வரைக்கும் நெத்திய வெறுமையாவே வச்சிருந்தோம் பெரியம்மா, நீங்க வருவீங்கன்னு. கடசியில பக்கத்து வீட்டு சுகுமாறன் மாமாதான் ஒரு அம்பது சென் காச ஒட்டுனாரு."

வள்ளிநாயகி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "மாத்தலடி. உங்கம்மா மாத்தவே இல்ல. இது நம்ம காசுதான்."

"அது எங்களுக்குத் தெரியுமே பெரியம்மா" என்றாள் திலகா.