கோடு ஏறிய பிற்பகல்

மனிதகுலத்தின் அறிவுப் பயணம் இனி இரண்டு காலங்களாகப் பிரிக்கப்படும், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு முன், மூன்று மணிக்குப் பின் என்று லா செரெனா வானாய்வகத்தின் இயக்குநர் டான் எவாரிஸ்தோ மேடையில் அறிவித்தார். அந்தப் புதிய காலத்தை ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. ஐந்தரைக்கு மண்டபம் ஊழியர் சங்கத்தின் குவேக்கா நடன வகுப்புக்கு விடப்பட்டிருந்தது.

பத்தாண்டு வான் படங்கள், எண்பது டெராபைட், அமெரிக்கக் கணினி மையத்துக்கு ஒரே மூச்சில் போகவேண்டும். வடக்கே போகும், விநாடிக்கு நூறு கிகாபிட் இணையத் தடம் இரண்டு மணி நேரம் அவருக்கு மட்டும். அந்தத் தடத்தில் யாருக்கு எந்த நேரம் என்று அட்டவணை போடுகிறவன் நிபால்தோ. நிலநடுக்கக்காரர்கள், கடலாய்வுக்காரர்கள் எல்லாரையும் அவன்தான் வெளியே தள்ளியிருந்தான். வானாய்வாளர் யாஸ்னாவையும்.

யாஸ்னா போகவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். முந்தின இரவு அவள் எடுத்த வான் படங்களில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. அந்த இரவின் படங்கள் பன்னிரண்டு டெராபைட் நாலரைக்குள் அமெரிக்க மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஹவாய்த் தொலைநோக்கி இன்றிரவே அந்தப் பக்கம் திரும்பும். இல்லாவிட்டால் வேறொருவர் பெயரில் அது வெடித்ததாகிவிடும்.

"பதினாறு நிமிஷம் போதும், நிபா."

"அவர் பேர்ல எழுதியாச்சு. தொட்டா என் வேலை போயிடும். எம்பனாடா இருக்கு, எடுத்துச் சாப்பிடு."

"எனக்கு வேணாம். நீயே தின்னு, வயிறாவது குளிரட்டும்."

மேடையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அது எதோடும் இணைக்கப்படவில்லை. கைத்தட்டல் கேட்டதும் நிபால்தோ இங்கே விசையைத் தட்ட வேண்டும். தட்டினான். மண்டபத்துப் பெரிய திரையில் தடத்தின் வேகத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"நூத்துல ஒண்ணுதான் போகுது," என்றான் நிபால்தோ. மண்டபத்துப் பராமரிப்பு ஆளுக்குப் போன் போட்டான். "மாமே, அனுப்பற மெஷின் நம்ம கீழ்த்தளத்துலதான இருக்கு?"

"இல்லப்பா. போட்டோல விழணும்னு காலையில டான் மேடைக்குத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. ரிப்பன்லாம் கட்டியிருக்கு, பாக்க ஜம்முனு இருக்கு."

"லைன் எதுல சொருகியிருக்கு?"

"காபி மெஷினுக்கு மேல சுவத்துல இருக்கே, அதுல."

அது ஆபீஸ் லைன். அதில் ஒரு கிகாபிட்டுக்கு மேல் போகாது.

யாஸ்னா குனிந்து அவன் காதருகே வந்தாள். "அப்போ தொண்ணூத்தொம்பது சும்மா கிடக்கு. ரிசர்வ் பண்ண சீட்டு காலியாப் போனா கண்டக்டர் என்ன பண்ணுவான்?"

"கண்டக்டருக்கு உத்தரவு வேணும்."

உத்தரவு வந்தது. டான் எவாரிஸ்தோவின் குறுஞ்செய்தி: 'துணை அமைச்சர் கொட்டாவி விடுகிறார். கோடு ஏறணும். உடனே.'

நிபால்தோ அதை இரண்டு தரம் படித்தான். "எப்படி ஏறணும்னு சொல்லல," என்றான். "உன் படத்தை விடு."

கோடு துள்ளி எழுந்தது. பத்து, நாற்பது, எழுபது, தொண்ணூற்றெட்டு. கட்டிடத்துக்கு அப்பாலிருந்து மண்டபமே எழுந்து தட்டுவது கேட்டது. யாஸ்னா நகத்தைக் கடித்துக்கொண்டு எண்களோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். பதினேழாவது நிமிடம் அமெரிக்காவிலிருந்து 'முழுசாக வந்துவிட்டது' என்று ஒரு வரி வந்தது. அவள் அவன் எம்பனாடாவை எடுத்து ஒரே கடியில் பாதியாக்கினாள்.

கோடு பொத்தென்று விழுந்தது. உடனே டானின் செய்தி: 'என்ன ஆச்சு?'

"இப்போ மாட்டிக்கிட்டியா," என்றாள் வாய் நிறைய.

"பூகம்பக்காரங்களுக்குப் போன் போடு. அப்புறம் கடல்காரங்க. வரிசையா வரச் சொல்லு, முட்டி மோத வேணாம்."

ஐந்து மணி வரை கோடு இறங்கவே இல்லை. மூன்று வாரமாகக் காத்திருந்த வரிசை முழுக்கக் காலியானது. அதற்குள் ஹவாயின் இரவுப் பட்டியலில் யாஸ்னாவின் நட்சத்திரம் முதலிடத்தில் ஏறியிருந்தது. டான் எவாரிஸ்தோ துணை அமைச்சரைத் தழுவி, இந்தக் கோட்டைத் தன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப்போவதாகச் சொன்னார். ஐந்தரைக்கு நடன ஆசிரியை தன் ஒலிபெருக்கிக்காக, மேடையில் ரிப்பன் கட்டியிருந்த மெஷினின் மின்செருகியைப் பிடுங்கினார்.

எண்பது டெராபைட்டில் அதுவரை போயிருந்தது ஒரு சதவீதம்.