மாப்பிள்ளை கடலில் விழுந்த நாள்

எங்கள் ரோந்துக் கப்பலின் கேப்டனுக்கு ‘முசுடு’ என்று பெயர் வைத்தது நான்தான். இஞ்சின் அறையில் வெந்து சாகிற மெக்கானிக்குக்கு இந்த உரிமைகூட இல்லையா? மனுஷன் கடலோரக் காவல் படையில் அரை ஆயுசு குப்பை கொட்டியவர். பெரிய கப்பல் ஒன்று அவர் கைக்கு வர இருந்தது. அன்றைய ஒத்திகையைப் பார்த்து மேலதிகாரி தலையாட்டினால் போதும். வயது வரம்பைத் தொட்டுவிட்டதால் அதுதான் கடைசி வாய்ப்பு.

ஒத்திகை ஒன்றும் பிரமாதமில்லை. ஆள் எடையுள்ள பொம்மையைக் கடலில் தள்ளி, திரும்ப எடுக்க வேண்டும். அந்தப் பொம்மைக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது, நாலு பேர் தாங்க வேண்டும். விழுந்ததும் ஒரு மாலுமி அதை நோக்கிக் கை நீட்டியபடியே நிற்பான். வானமே இடிந்து விழுந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் கப்பல் திரும்பும்.

மாப்பிள்ளை விழுந்தார். மாலுமி கை நீட்டினான். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி தொப்பையைத் தள்ளிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். பழக்கதோஷம்! நீட்டிய கையை மடக்கி, அவர் பக்கம் திரும்பி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான் புண்ணியவான். மறுபடி பார்த்தால் வெறும் அலை.

தேடினோம், தேடினோம். சாப்பாட்டு நேரமும் தாண்டியது. மேலதிகாரி குமட்டல் தாங்காமல் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கிடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டுக் கரைக்குத் திருப்புய்யா. பொம்மைதானே? பெரிய கப்பல் உனக்குத்தான்.”

நானும் கேப்டனின் காதைக் கடித்தேன். “சார், பொழைக்கிற வழியைப் பாருங்க.”

முசுடு தொலைநோக்கியை இறக்கவில்லை. அழுதுகொண்டிருந்த மாலுமியைக் காட்டி, “இன்னைக்குப் பசிக்குதுன்னு விட்டுட்டுப் போனா, நாளைக்கு இவன் விழுந்தா என்னை நம்பி மிதப்பானா சார்?” என்றார்.

வெளிச்சம் மங்கும் முன் மாப்பிள்ளையைக் கொக்கி போட்டு இழுத்தோம். மேலதிகாரி தலையாட்டவில்லை. பெரிய கப்பல் வேறொருவருக்குப் போனது. எனக்கு வயிறெரிந்தது. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று கப்பல் முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

அந்த வேறொருவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “நம்ம கப்பலுக்கு வந்துடு. ஏசி அறை, கூடுதல் சம்பளம்.”

“ஒரே ஒரு கேள்வி சார். பொம்மையைத் தேடி நாளெல்லாம் கப்பலைச் சுத்த விடுவீங்களா?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் முசுடோடவே இருந்துவிட்டேன்.