பாப்பாவுக்கு என்ன வேலை?

மகள் பிறந்து, மணிமாறனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முப்பத்தைந்து நாள் ஆனது.

"தப்பா நெனைச்சிக்காதீங்க மேடம். ஆக்குபேஷன்னா வேலைதானே? ஒன்றரைக் கிலோ கொழந்தைக்கு என்னா வேலை இருக்குன்னு நீங்க தெரபி குடுக்கறீங்க?"

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சங்கவி. சிரித்துவிட்டாள்.

"பால் குடிக்கணும், நடுவுல மூச்சும் விடணும். உங்க பொண்ணுக்கு இப்ப அதுவே பெரிய வேலைங்க."

குறித்த நாளுக்குப் பத்து வாரம் முன்னதாகப் பிறந்தவள் அந்தக் குழந்தை. நர்ஸ் சங்கில் புகட்டினால் முழுசும் குடித்தாள். அம்மா கலைப்பிரியா புகட்டினால் இரண்டே மடக்கு. பிறகு விக்கல் வரும், உதட்டோரம் வெளுக்கும், கண்ணை இறுக மூடிக்கொண்டு கைவிரல்களை அகல விரிப்பாள். அம்மா கையால் குடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னைப் புடிக்கல அவளுக்கு," என்றாள் கலைப்பிரியா.

"அப்படி இல்லம்மா. விரலை விரிச்சா, போதும் நிறுத்துன்னு சொல்றா. எதை நிறுத்தச் சொல்றான்னுதான் எனக்கும் புரியல," என்றாள் சங்கவி.

மணிமாறன் பெருமுக்கல்லில் போர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். "மோட்டார் ட்ரிப் ஆகி நின்னா எல்லாத்தையும் பிரிக்க மாட்டோம் மேடம். ஒவ்வொரு கனெக்‌ஷனா எடுத்துட்டு ஓட்டிப் பாப்போம்."

"நாங்களும் அதையேதான் செய்வோம். வாங்க, சேந்தே பாப்போம்."

முதலில் ஜன்னல் வெளிச்சத்தைத் துணியால் மறைத்தார்கள். மாற்றமில்லை. அடுத்த வேளை கலைப்பிரியா பவுடர் போடாமல் வந்தாள். அதுவும் காரணமில்லை. மறுநாள் காலையில் முழங்காலை ஆட்டாமல் உட்கார்ந்தாள், விக்கல் நின்றது. மத்தியானம் தங்கமே பட்டே என்று கொஞ்சாமல் வாயை மூடிக்கொண்டாள். பாதிப் பால் இறங்கியது. ஆனால் பாதியில் அந்த விரல்கள் மறுபடி விரிந்தன.

மணிமாறன் தரையில் குத்துக்காலிட்டு, குழந்தையின் தலைமாட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தான். அவளுக்கு என்ன தெரிகிறது? ஒரு சாண் தூரத்தில் கலைப்பிரியாவின் முகம். இமைக்காத இரண்டு கண்கள்.

"கலை, அவ கண்ணைப் பாக்காத."

"என்னா மாமா பேசற? பெத்தவ பாக்காம வேற யாரு பாக்கறது?"

சங்கவி, நர்ஸுகள் புகட்டும்போது எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்தாள். சங்கின் நுனியை, குழந்தையின் வாயை, மானிட்டரை.

"அவர் சொல்றது சரின்னுதான் தோணுது. இந்த ரூம்லயே அவளுக்குப் பெருசு உங்க முகம்தாம்மா. அதையும் தாங்கிக்கினு பாலையும் முழுங்க இப்ப அவளால முடியல. வாயை மட்டும் பாருங்க."

அடுத்த வேளை கலைப்பிரியா பார்வையைத் தாழ்த்தி, மகளின் மோவாயை மட்டும் பார்த்துக்கொண்டு புகட்டினாள். சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி இறங்கியது. பதினெட்டு நிமிஷத்தில் முப்பது மில்லியும் காலி. குழந்தையின் விரல்கள் அவள் நைட்டி மடிப்பைப் பிடித்திருந்தன.

கலைப்பிரியாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. "அழுதா அதுவும் அவளுக்குத் தொந்தரவா மேடம்?"

"சத்தம் வராம அழுங்க."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஒரு மாதம் கழித்து ரெவ்யூவுக்கு வந்தபோது குழந்தை இரண்டே கால் கிலோ. குடித்து முடித்துவிட்டு, தானாகவே அம்மா முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். கலைப்பிரியா பதறித் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப பாக்கலாம்மா. அவளே மொகத்தைத் திருப்பிக்கற வரைக்கும் பாருங்க," என்றாள் சங்கவி.

மணிமாறன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். பதினோரு கேள்விகள். முதல் கேள்வி: தூக்கத்தில் சிரிக்கிறாளே, எதைப் பார்த்து?

"இது எனக்கும் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு, சங்கவி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்பெப்ப சிரிக்கறா, சொல்லுங்க."