வெறுங்கையோடு கூப்பிட்டவன்

ஓநாய் எந்தக் கட்சி என்பது அந்த ஊரில் ஓநாயைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊராட்சித் தலைவரான சர்பஞ்சு சிரஞ்சீவி ஓநாய் வேண்டும் என்றார். ஆகவே பழைய சர்பஞ்சு சடகோபன் வேண்டாம் என்றார். சிரஞ்சீவி முதலில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், சடகோபன் இந்நேரம் தன் வீட்டு வாசலிலேயே ஒரு ஓநாயைக் கட்டிப்போட்டுச் சோறு வைத்திருப்பார். அவ்வளவு கொள்கைப் பிடிப்பு இரண்டு பேருக்கும்.

ஆந்திராவின் குடுபல்லிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கிறது தோடேள்ள குட்டா. தெலுங்கில் ஓநாய்க் குன்று என்று அர்த்தம். பேர்தான் மிச்சம். கடைசி ஓநாயை மருந்து வைத்துக் கொன்று இருபது வருடம் தாண்டிவிட்டது. இப்போது திருப்பதிப் பக்கத்து வனத்துறை முகாம் ஒன்றில் வளர்ந்த ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, குன்றின் மேலேயே பெரிய கம்பி வேலிக்குள் விட்டிருந்தார்கள். கிராமசபை தீர்மானம் போட்டால் வேலிக் கதவு திறக்கும். அதிலும் ஆட்டுக்காரர் சங்கத் தலைவியின் கையெழுத்து இல்லாமல் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

சங்கத் தலைவி சென்னம்மா. அவளுக்கு அறுபத்திரண்டு ஆடுகள். அந்த ஓநாய் ஜோடிக்குக் குட்டியிலிருந்து இரை போட்டு வளர்த்தவன் ரங்கன். அவன் சென்னம்மாவின் புருஷன். இதைவிடப் பெரிய வேடிக்கை ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

ரங்கன் பங்காருபாளையத்து மாந்தோப்புகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஆட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமாகி வந்த புதிதில் அவனுக்கு ஆட்டைக் கூப்பிடக் கற்றுக்கொடுத்ததே சென்னம்மாதான். நாக்கை மேலே ஒட்டி 'ட்ர்ர்ர்' என்று ஓர் உருட்டு. பிறகு அடிவயிற்றிலிருந்து 'ஓ...பா, ஓ...பா'. அந்த ஊரின் பதினெட்டு மந்தைக்கும் அதே கூப்பாடுதான். நாக்கு உருள அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது. கூடவே ஒரு சட்டமும் சொல்லிக் கொடுத்தாள்: வெறுங்கையோடு கூப்பிடாதே. மடியில் ஒரு பிடி கருவேலங்காயாவது இருக்க வேண்டும். ஏமாற்றிக் கூப்பிட்டவன் குரலை ஆடு மறந்துவிடும்.

அப்புறம் மூன்று வருடம் முன்பு முகாமில் ஒப்பந்த வேலை கிடைத்துத் திருப்பதிக்குப் போனான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீடு. வந்தால் பேச்செல்லாம் ஓநாய்தான். கோப்பில் அவற்றுக்கு எண்கள். ரங்கனுக்கு அவை துரையும் பொம்மியும். போனில் பொம்மியின் படத்தைக் காட்டிக் காட்டி அவன் உருகுவதைப் பார்த்து, "என்னிய ஒரு போட்டோ எடுத்துகிறியாய்யா என்னைக்காவது?" என்று சென்னம்மா இடிப்பாள். ஆனால் பொம்மிக்குக் காலில் முள் குத்தியது என்று கேட்ட அன்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கிராமசபைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குன்றின் மேல் காவலுக்கு இருந்த ரங்கனுக்குச் சென்னம்மா களியும் கீரையும் எடுத்துப் போனாள். வேலிக்குள் ஓநாய்களின் வால்கூடத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து ஜீப் சத்தத்துக்கும் ஆள் சத்தத்துக்கும் பயந்து புதருக்குள்ளேயே கிடந்தன. வெயில் சாய்ந்தது. ஓநாய் வந்ததிலிருந்து வேறு யாரும் மந்தை ஓட்டிவராத சரிவில் மேய்ந்த தன் ஆடுகளைத் திருப்ப, மேலே நின்றபடியே சென்னம்மா கூப்பிட்டாள்.

"ட்ர்ர்ர்... ஓ...பா, ஓ...பா!"

புதர் அசைந்தது. துரையும் பொம்மியும் ஓட்டமாக ஓடிவந்து வேலியில் மூக்கை வைத்து நின்றன. பொம்மி வாலை ஆட்டியது. இரண்டின் கண்களும் சென்னம்மாவின் கைமேல் இருந்தன. அவள் ஓநாய்களைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் களி உருண்டையில் கல் தேடுவதுபோலக் குனிந்திருந்தான்.

"யோவ். இதுங்க இன்னாத்துக்கு வந்துச்சு?"

"சொம்மா... சத்தம் கேட்டு..."

"ஆளு சத்தம் கேட்டா பதுங்கிக்கும்னு நீதானே சொன்ன? எங்கொரலுக்கு மட்டும் இன்னாத்துக்குய்யா வாலாட்டுது?"

ரங்கனால் அவளிடம் பொய் சொல்ல முடியாது. முயன்று பார்த்த நாட்கள் எல்லாம் கேவலமாக முடிந்திருக்கின்றன.

"குட்டியா வந்தப்ப துன்னவே மாட்டேன்னுச்சுங்க. எப்பிடிக் கூப்புடுறதுன்னு எனக்கு ஒன்னியும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது இது ஒன்னுதானே? சாய்ங்காலமானா, இந்நேரம் நீ இங்க கூப்புட்டுக்கினு இருப்பன்னு நெனப்பேன். அப்பிடியே நானும் கூப்புட்டுக்கினு எறச்சி போட்டேன். மூணு வருசம்."

சென்னம்மாவுக்குக் கோபத்தில் நாக்கு துடித்தது. நெஞ்சுக்குள் வேறொன்று இளகியது. திருப்பதியில் தன்னந்தனியாக நின்று ஒருவன் தினமும் அவளுடைய கூப்பாட்டையே கூப்பிட்டிருக்கிறான். அதற்குச் சிரிப்பதா, அழுவதா, களிச்சட்டியை எடுத்து அவன் தலையில் கவிழ்ப்பதா? அவன்மேல் அவளுக்கு அப்போது வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஆனால் விஷயம் இலேசானதல்ல. கதவைத் திறந்த அன்றே, பதினெட்டு மந்தைக்காரரில் யார் கூப்பிட்டாலும் இவை இரண்டும் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும். வந்தால் ஆட்டை அடிக்கும். அடித்தால் ஊர் மருந்து வைக்கும்.

"சொல்லிடு" என்றாள்.

"சொன்னா திருப்பி முகாமுக்கே கொண்டுபூடுவாங்க, சென்னம்மா. சாவுறவரைக்கும் கூண்டுதான். என் வேலையும் பூடும்."

"சொல்லாம உட்டா ஒரு மாசத்துல ரெண்டு பொணம். உம்பொம்மியை நீயே பொதைப்பியா? நான் சொன்னா புருசனைக் காட்டிக் குடுத்தவளுன்னு ஊரு பேசும். நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை. திட்ட அதிகாரி ஹரிப்ரியா வந்திருந்தார். சிரஞ்சீவி எழுந்து, ஓநாய் வந்தால் ரோடு வரும், ரோட்டில் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், ஆட்டுக்காரர்களின் கஷ்டத்தை நினைத்துத் தனக்குத் தூக்கமே இல்லை என்றெல்லாம் தெலுங்கும் தமிழுமாகப் பொழிந்தார்.

"ஆடு நனையுதேன்னு ஓநா அழுதுச்சாம்!" என்று சடகோபன் உட்கார்ந்தபடியே சொன்னார். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரங்கன் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். திருப்பதியில் தனியாக இருந்ததையும் சேர்த்துச் சொன்னான். மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பி, தங்கள் கூப்பாட்டுக்கும் ஓநாய் வரும் என்பது புரிந்ததும் பாதியில் நின்றது.

ஹரிப்ரியாவின் முகம் வெளுத்தது. இந்த ஜோடி மனிதக் குரலுக்குப் பழகவில்லை என்று சான்று எழுதியவர் அவர்தான். முகாமுக்குக் காலையில்தான் வருவார். இரை போடுவது சாயங்காலம்.

"ஏன் ரங்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று தெலுங்கில் கேட்டார்.

"நீங்க கேக்கல மேடம். எனக்கும் தப்புன்னு தோணல."

"நானும் கேட்டிருக்கணும்" என்றார் அவர். ஓர் அதிகாரி அப்படிச் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை.

சடகோபன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? இன்னைக்கே லாரியில ஏத்துங்க!"

"இருண்ணா" என்றாள் சென்னம்மா. "கத்துக்குடுத்தவனே மறக்கடிக்கட்டும். ஆட்ட நாலு தபா வெறுங்கையோட கூப்புடு, அஞ்சாந்தபா திரும்பிப் பாக்குதா? ஓநாயும் வவுறு வளக்குற சீவன்தானே. இனிமே எறச்சிய வேற ஆளு, மறைவா நின்னு, வேற வேற நேரத்துல போடட்டும். சாய்ங்காலமானா இவரு போயி வெறுங்கையோட கூப்புடட்டும். பத்து நாளு சேந்தாப்புல ரெண்டும் வரலைன்னா நான் கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் போடமாட்டேன், யாரு வந்து கேட்டாலும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் சிரஞ்சீவியைப் பார்த்தாள். ஹரிப்ரியா நோட்டில் குறித்துக்கொண்டு, "சரி" என்றார்.

மறுநாளிலிருந்து ரங்கனுக்கு ஆரம்பித்தது தண்டனை. சாயங்காலமானதும் வேலியருகே நின்று கூப்பிடுவான். இரண்டும் ஓடிவரும். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். அவை முகர்ந்து பார்க்கும், நிற்கும், குழம்பிப் போகும். முதல் வாரம் வீட்டுக்கு வந்து அவன் சோறு தொடவில்லை. இருபதாம் நாள் துரை வருவதை நிறுத்தியது. துரை கணக்குப் பார்க்கிற ஆசாமி. பொம்மி நிறுத்தவில்லை. தினமும் வந்து உட்காரும். இப்போதெல்லாம் கையைப் பார்ப்பதுகூட இல்லை.

"அது பசிக்கு வரல, சென்னம்மா" என்றான் ஒரு நாள். "என் மூஞ்சப் பாத்துக்கினு உக்காந்துக்கினுகீது."

"தெரியும்யா" என்றாள் சென்னம்மா. "அதனாலதான் நீ மூஞ்சையும் காட்டக் கூடாது."

அதற்குப் பிறகு பாறைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டான். பொம்மி குரல் வந்த பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாறையோடு ஒட்டி நிற்பான். நாற்பத்தாறாம் நாள் அவன் கூப்பிட்டபோது, புதர் நிழலில் படுத்திருந்த பொம்மி ஒரு காதை மட்டும் திருப்பியது. பிறகு தலையை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டது. நினைத்தது நடந்துவிட்டது. ரங்கன் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான்.

பத்து நாள் கழிந்தது. சென்னம்மாவே மேலே வந்து தன் குரலில் கூப்பிட்டுப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டாள். தன் எதிர்ப்பால்தான் இவ்வளவு பத்திரமாக நடந்தது என்று சடகோபனும், தன் ஆதரவால்தான் நடந்தது என்று சிரஞ்சீவியும் டீக்கடையில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் விடிகாலையில் கதவு திறந்தது. துரை முதலில் போனது. பொம்மி வாசலில் நின்று காற்றை முகர்ந்தது. ரங்கன் இருந்த பாறைப் பக்கம் பார்க்காமலே போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஊரே வீட்டு வாசலில் நின்றது. மற்ற மந்தைக்காரர்கள் தங்கள் ஆடுகளைச் சீக்கிரமே அடைத்துவிட்டிருந்தார்கள். சென்னம்மா மட்டும் அடிவாரத்தில் நின்றாள். குன்றைப் பார்த்தபடி கூப்பிட்டாள்.

"ட்ர்ர்ர்... ஓ...பா, ஓ...பா!"

சரிவிலிருந்து ஆடுகள் வந்தன. அவள் எண்ணினாள். அறுபத்திரண்டும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் குன்றில் ஓர் இலைகூட அசையவில்லை. ஊர் மூச்சுவிட்டது.

கடைசி ஆட்டுக்கும் பின்னால், ஒற்றையடிப் பாதையில் ரங்கன் இறங்கி வந்துகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. காலியான கம்பி வேலியருகே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவன், நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஆட்டைத்தானே கூப்புட்டேன்? நீ இன்னாத்துக்கு வந்த?"

"உன் கொரலு கேட்டுச்சு. வந்துட்டேன்."

சென்னம்மா மடியை அவிழ்த்தாள். ஒரு பக்கம் ஆட்டுக்குக் கருவேலங்காய். இன்னொரு பக்கம் வறுத்த வேர்க்கடலை இருந்தது. கடலையை ஒரு பிடி அள்ளி அவன் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"துன்னு" என்றாள். "வெறுங்கையோட கூப்புடுற பழக்கம் எனக்குக் கெடையாது."