கூரையைத் தாண்டிய குழாய்

கிருபாபாய் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். டிரைவர் ராஜரத்தினம் அவளைப் பார்க்காமல் அவள் கணவன் தேவஇரக்கத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

“அண்ணாச்சி, மத்த வேலைய மதினி பாக்கட்டும். இந்த சைலன்சர் ஜாயின்ட்ட மட்டும் நீங்க பத்தவச்சிருங்க. ஆத்துக்குள்ள போற வண்டி.”

ராஜபாளையத்தில் அந்தப் பட்டறை தொடங்கிப் பதினோரு வருஷம். அளவெடுப்பதும் அறுப்பதும் தேவஇரக்கம். கேஸ் வெல்டிங் அன்றிலிருந்தே அவள் கைதான். பற்றவைத்த தடத்தைத் தடவிப் பார்ப்பவர்கள் அவனை மெச்சிவிட்டுப் போவார்கள். அது அவள் வேலை என்று அவன் திருத்துவான். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று சிரிப்பார்கள்.

“நான் வச்சா பிச்சுக்கிடும்லே,” என்றான் தேவஇரக்கம். “அவ வைக்கக் கூடாதுன்னா வண்டிய எடுத்துட்டுப் போ.”

ராஜரத்தினம் வண்டியை எடுக்கவில்லை.

மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப் அது. போன வாரம் ஐப்பசி மழையில் ஆற்றின் நடுவே நின்றுவிட்டது. பின்னால் தாழ்ந்து நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஏறி எஞ்சின் அடங்கிப்போக, எட்டுப் பெண்கள் கைகோத்துக் கரையேறினார்கள். அதன்பின் வேறொரு பட்டறையில் குழாயை மேலே தூக்கி, பாடியோடு சேர்த்து முறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் ஜாயின்ட் விரிசல் விட்டு, புகை தார்ப்பாய்க்குள் சுற்றியது.

கிருபாபாய் எஞ்சினை ஓடவிட்டு வெகுநேரம் குத்தவைத்துப் பார்த்தாள். எஞ்சின் ஒரு பக்கம் ஆடியது, பாடி ஒரு பக்கம் ஆடியது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் நடுவில் இருப்பது வெடிக்கத்தானே செய்யும்? அவள் லாரி டயரில் பட்டை அறுத்து, குழாயைப் பிடிக்கும் கொக்கிகளை அதில் தொங்கவிட்டாள். குழாய் கூரையைத் தாண்டி எழுந்தது. மழை இறங்காதபடி நுனியைப் பின்னோக்கி வளைத்தாள். பிறகு சைலன்சர் ஜாயின்ட்டைச் சுற்றிப் பற்றவைத்து, நுனியைச் சாக்கால் பாதி பொத்தி, எஞ்சினை ஓடவிட்டுச் சோப்புத் தண்ணீர் பூசினாள். ஓரிடத்தில் கடுகளவு குமிழி வந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவள் அந்த இடத்தை அரத்தால் ராவி மறுபடி பற்றவைத்தாள்.

குழாய் ஆறுவதற்குள் தோட்டத்துக் காவல்காரர் சமுத்திரம் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏலம் பறிக்கும் நிறைமாதக்காரி செல்லக்கனிக்கு இடுப்புவலி கண்டு, டோலி கட்டி அக்கரை வரைக்கும் தூக்கி வந்துவிட்டார்களாம். ஆறு இறங்கவிடவில்லை; இக்கரையில் நின்ற அவரிடம் கூவிச் சொன்னார்களாம்.

ராஜரத்தினம் சாவியை எடுத்தான். கிருபாபாய் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நீங்க எதுக்கு மதினி?”

“நான் வச்ச குழாயி. விட்டுச்சுன்னா நான்தான பாக்கணும்?”

கூடவே வந்த தேவஇரக்கம் கரையில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான், விசிறி தண்ணீரை எஞ்சின்மேல் வாரி அடிக்காமல் இருக்க. போகும்போது ஜீப் முனகாமல் போய்விட்டது. திரும்பும்போது செல்லக்கனி கிருபாபாயின் மடியில் தலைவைத்துப் பல்லைக் கடித்துக் கிடந்தாள். காலடியில் செல்லக்கனியின் மாமியார் பிச்சையம்மாள். அதற்குள் வெள்ளம் இன்னும் ஏறியிருந்தது. சைலன்சர், ஜாயின்ட் எல்லாம் தண்ணீருக்குள். கிருபாபாய் தன் வேலையைக் காதால்தான் பார்க்க முடிந்தது.

நடு ஆற்றில் ஒரு சக்கரம் பாறையில் ஏறி வழுக்கியது. எஞ்சின் சத்தம் தணிந்தது. ராஜரத்தினத்தின் கால் ஆக்சிலரேட்டரில் தளர்வதை அவள் பார்த்தாள்.

“கால எடுத்துராதலே! அது நல்லா மூச்சு விடுது. நீ அமுக்கு!”

அமுக்கினான். தலைக்குமேல் குழாய் கரும்புகையைத் துப்பியது. ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியது.

தண்ணீர் பட்ட சைலன்சரிலிருந்து ஆவி கிளம்பியது. கூடியிருந்தவர்களில் ஒருவர், “யாருலே இந்தப் பைப்ப வச்சது?” என்று கேட்டார்.

ராஜரத்தினம் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி, தாடையால் அவளைக் காட்டினான். “மதினிதான். வேற யாரு?”

தேவஇரக்கம் குனிந்து பெல்ட்டை மாட்டினான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிச்சையம்மாளுக்கு நன்றாக உட்கார இடம் வேண்டும் என்று கிருபாபாய் இறங்கிக்கொண்டாள். ஜீப் ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பாய்ந்தது. நனைந்த சேலையோடு பாதை நடுவில் நின்றாள். மாந்தோப்பு வளைவில் வண்டி மறைந்த பிறகும், மரங்களுக்கு மேலே புகை மட்டும் ஒரு கோடாகப் போய்க்கொண்டிருந்தது.