வெள்ளைச் சேவலின் இறகு

ரென்ஸ்கே வேலிக் கதவின் கொக்கியைப் போட மறந்தது ஒரே ஒரு மத்தியானம்தான். ஹார்லிங்கனிலிருந்து அவளுடைய அக்கா போன் செய்து, மருமகனைப் பற்றி முக்கால் மணி நேரம் மூக்கைச் சிந்தினாள். போனை வைத்துவிட்டு வந்து பார்த்தால், அடுத்த வீட்டு தியேர்டின் கருப்புப் பெட்டைகளுக்கு நடுவில் இவளுடைய வெள்ளைச் சேவல் புது மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. தியேர்டின் கருப்புச் சேவல் மூலையில் ஒண்டிக் கிடந்தது.

தியேர்ட் அப்போது இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினோரு வருடமாக அவர் கண்ணும் கருத்துமாக வளர்த்தெடுத்த வம்சம் அது. அலகு முதல் வால் நுனி வரை கருப்பு, வெயில் பட்டால் பச்சை மினுக்கு, வேறு நிறம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. சாவியைக் கொடுக்கும்போது அவர் இவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, வேலிக் கதவைப் பார்த்துக்கொள் என்பது.

சேவலை விளக்குமாற்றால் விரட்டிவிட்டு, ஒன்றும் நடந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோழி வளர்க்கிறவளுக்குத் தெரியாதா என்ன? ஒரு தடவை சேர்ந்தால் பத்து நாள் முட்டைக்குப் போதும். தெரிந்தேதான், வழக்கம்போல, அந்த வாரத்து முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் தியேர்டின் பெயரை எழுதி, வொப்பே வீட்டு இன்குபேட்டரில் கொண்டுபோய் அடுக்கினாள்.

வொப்பேயும் தியேர்டும் கோழிச் சங்கத்தில் முப்பது வருடச் சிநேகிதர்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு தியேர்ட் வீட்டில் காப்பி. ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கேலி பேசாவிட்டால் இரண்டு பேருக்கும் காப்பி இறங்காது. தியேர்ட் வளர்ப்பது கருப்பு, வொப்பே வளர்ப்பது சாம்பலும் வெள்ளையுமாக வரி ஓடிய கோழிகள்.

இருபத்தோரு நாளில் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. நாலு குஞ்சுகளின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு. கருப்புக் குஞ்சுக்குத் தலையில் அப்படிப் பொட்டு இருந்தால் வளர்ந்ததும் இறகில் வரி விழும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கருப்புக்குள் வரி ஒளிந்திருக்காது. இருந்தால் வெளியே தெரிந்துவிடும். ஆக, தியேர்டின் கோழிகளிடமிருந்து அது வந்திருக்க வழியில்லை. ஊரில் வரிக்கோழி இருப்பது வொப்பே வீட்டில் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த தியேர்ட், குஞ்சுகளைப் பார்த்ததும் வொப்பேக்கு எதிரே கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். "என் முட்டைய ஒடைச்சுட்டேன்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்டா. ஒன் கோழி முட்டையில என் பேர எழுதி ஏமாத்தியிருக்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

வொப்பே எவ்வளவோ சத்தியம் செய்து பார்த்தார். எடுபடவில்லை. காப்பி நின்றது. முட்டையை மாற்றியவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று தியேர்ட் கடிதம் எழுதினார். அக்டோபர் கூட்டத்தில் முடிவு என்றார்கள்.

உண்மையைச் சொன்னால், ரென்ஸ்கேவுக்கு அப்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் சேவல் சுத்த வெள்ளை. வெள்ளை எப்படி வரியைக் கொடுக்கும்? வொப்பேயே ஏதோ குளறுபடி செய்திருப்பார். இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு, கோடை முழுக்க தியேர்டுக்குப் பட்டாணி சூப் கொண்டுபோனாள். அவர் வொப்பேயைத் திட்டும்போது தலையைக் குனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

செப்டம்பரில் சேவல் இறகு உதிர்த்தது. முற்றத்தைப் பெருக்கும்போது ஒரு நீள இறகை எடுத்து, சும்மா வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைக்குள் மங்கலாக, அழித்த பென்சில் கோடு போல, குறுக்கே வரி வரியாக ஓடியது.

அதை வொப்பேயிடமே கொண்டுபோனாள். யாரோ கேட்டார்கள் என்று ஒரு பொய்யும் சொன்னாள். வொப்பே இறகை ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி வெள்ள, நெறமே இல்லம்மா. மேல போத்துன போர்வ. அடியில கருப்பு இருக்கும், வரி இருக்கும், என்ன வேணா இருக்கும். கருப்புப் பெட்டையோட சேந்தா குஞ்சுல போர்வ வெலகிடும்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரென்ஸ்கே, ஒன் சேவல் அந்தப் பக்கம் போச்சா?"

"இல்லியே," என்றாள்.

சரி என்று அவர் இறகைத் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், எவ்வளவோ தேவலை. தான் சொன்ன அந்த ஒற்றைப் பொய்ச் சொல்லுக்காக அவள் மூன்று வாரம் தன்னையே சபித்துக்கொண்டாள். சோறு தண்ணி இறங்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்.

சங்கக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பகலில் நடந்தது. தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு, வொப்பே ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். வொப்பே பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறகைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று மட்டும் சொன்னார்.

ரென்ஸ்கே எழுந்தாள். கொக்கி, போன், விளக்குமாறு எல்லாவற்றையும் சொன்னாள். வொப்பே நேராகக் கேட்டும் இல்லை என்று புளுகியதையும் சொன்னாள். இறகைத் தலைவரின் மேஜையில் வைத்தாள். ஒவ்வொருவராக வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியாக அது தியேர்டின் கைக்கு வந்தது.

அவர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். தடியை ஊன்றி, பின்வரிசை வரைக்கும் மெதுவாக நடந்துபோனார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா வொப்பே."

வொப்பே தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. "முப்பது வருஷமா என் மூஞ்சியப் பாத்திருக்க, நம்பல. ஒரு எறகப் பாத்ததும் நம்பிட்டியா?"

யாரையும் இடிக்காமல், நாற்காலிகளுக்கு நடுவே வழி பார்த்து வெளியே போனார். சங்கத்திலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. அடுத்த வாரம் அவரே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்.

தியேர்ட் ரென்ஸ்கேயைத் திட்டவில்லை. அவள் வாசலில் வைத்த சூப்பைக் குடித்தார். பாத்திரத்தைக் கழுவி, வேலிக் கம்பத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். பேச்சு மட்டும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் வீட்டு ஜன்னல் வழியே அவள் பார்த்தாள். தியேர்ட் மேஜையில் இரண்டு கோப்பை வைத்து, இரண்டிலும் காப்பி ஊற்றினார். பதினொன்றாகும்வரை தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எதிர்க் கோப்பையை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, கழுவி, அடுத்த சனிக்கிழமைக்காக அலமாரியில் வைத்தார்.